படகின் பின்னே ஒரு விசிறி

சித்திரை பிறந்துவிட்டால் நாகப்பட்டினத்துத் துறையில் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். கடலில் இருக்க வேண்டிய படகுகளெல்லாம் கரையில் இருக்கும். மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக வேண்டுமென்று, ஏப்ரல் 15-ந் தேதியிலிருந்து ஜூன் 14-ந் தேதி வரையில் 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது என்பது சர்க்கார் உத்தரவு. மீனுக்கு அது கல்யாண காலமென்றால் படகுக்கு அது வைத்திய காலம். அடித்தட்டைச் சுரண்டுவதும், பலகையிடுக்கில் பஞ்சு அடைப்பதும், வர்ணம் பூசுவதுமாக ஆற்றோரம் முழுவதும் ஒரே அமளியாக இருக்கும்.

அந்த அமளியின் நடுவே, தம் படகின் பின்புறத்து நிழலில் ஒரு பெரியவர் மௌனமாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு நேரே, மூன்று இதழ் விரித்த ஒரு பித்தளைப் பூவைப் போல், படகின் விசிறி வெயிலில் மின்னிக் கொண்டிருந்தது. நாம் அதன் அழகை வியந்து இரண்டு வார்த்தை சொன்னோம்.

"அழகுக்கு என்ன குறைச்சல், ஐயா! இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுச் சோற்றை அதுதானே தின்கிறது!" என்றார் பெரியவர்.

நாம் திகைத்து நிற்பதைக் கண்டு தம் வழக்கை அவரே எடுத்துரைத்தார். பழைய எஞ்சின் தேய்ந்து போயிற்று. மூத்த மகன் சொற்படி, ஒன்றரை மடங்கு பலமுள்ள வேறோர் எஞ்சினைப் பல்சக்கரப் பெட்டியோடு வாங்கிப் பொருத்தினார். அதற்காக வீட்டிலுள்ள நகைகள் அடகுக் கடைக்குப் போயின. படகு பறக்கப் போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். படகு பறக்கவில்லை, புகைதான் பறந்தது. கரும் புகையைக் கக்கிக் கொண்டு, முன்னைவிட அரைக் கடல் மைல் கூட அதிகம் ஓடாமல், டீஸல் எண்ணெயை மட்டும் தாராளமாகக் குடித்தது.

"மகன் படகை விற்றுவிடலாம் என்கிறான். என் அப்பாவுக்குக் காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பாயை விரித்தார், போனார், வந்தார். நாங்கள் எண்ணெய் ஊற்றியல்லவா கடலுக்குப் போகிறோம்?" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

அன்று மாலை வரையில் நாம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அங்கே பார்த்ததையும் கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்து நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். நம் வீட்டுக்கு வரும் வஞ்சிர மீனின் விலைக்குள்ளே அந்த விசிறியின் கதையும் அடங்கியிருக்கிறது. விசைப்படகு கரைக்கு வந்ததும் எண்ணெய், பனிக்கட்டி, சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்து, மிச்சத்தைத்தான் முதலாளியும் தொழிலாளிகளும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஆகவே வீணாய்ப் போகும் ஒவ்வொரு லிட்டர் எண்ணெயும் எல்லோருடைய அடுப்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தேசத்துக்கும் இதில் பங்குண்டு. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதியை நாம் வெளிநாட்டிலிருந்தே வாங்கி வருகிறோம்.

நீரில் முடுக்கும் திருகாணி

விசிறி என்று பெயர் இருந்தாலும், உண்மையில் அது ஒரு திருகாணி. மரத்தில் திருகாணியை ஒரு சுற்றுத் திருகினால், அதன் புரி இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தூரம் உள்ளே போகிறது. படகின் விசிறியும் ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்வளவு அங்குலம் முன்னேற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் 'பிட்ச்' என்று துறையில் சொல்கிறார்கள். நாம் 'புரி' என்று சொல்லலாம்.

பெரியவருடைய விசிறியின் குடத்தில் 30, 20 என்று இரண்டு எண்கள் வெட்டியிருந்தன. முதல் எண் விட்டம், 30 அங்குலம். இரண்டாவது எண் புரி, 20 அங்குலம். இந்த விசிறி நிமிஷத்துக்கு 600 தரம் சுழன்றால், நிமிஷத்துக்கு 12,000 அங்குலம், அதாவது 1,000 அடி முன்னேற வேண்டும். மணிக்கு 60,000 அடி. ஒரு கடல் மைலுக்கு 6,076 அடி ஆகையால், ஏறக்குறைய 10 கடல் மைல்.

ஆனால் நீர் மரமல்ல. விசிறி தள்ளும்போது அது பின்னே நழுவிப் போகிறது. ஆகையால் 10 மைல் ஓட வேண்டிய படகு 7 மைல்தான் ஓடும். இந்த நழுவலை அடியோடு ஒழித்துவிட முடியாது. நீரைப் பின்னே தள்ளினால்தானே படகு முன்னே போகும்? ஆனால் அது எவ்வளவு என்று அறிந்து, அளவுக்கு மிஞ்சாமல் பார்த்துக் கொள்ளலாம். படகுக்கு விசிறி பொறுக்கும் சாஸ்திரத்தில் பாதி இதுவே.

முறிந்த திருகு

இந்தச் சாஸ்திரம் பிறந்த கதை வேடிக்கையானது. 1836-ம் வருஷத்தில் பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் குடியானவர், கப்பலைத் திருகினால் ஓட்டலாமென்று உரிமைப் பத்திரம் பெற்றார். அதே வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து எரிக்ஸன் என்பவரும் தனியே ஒரு பத்திரம் பெற்றார். ஸ்மித் செய்தது இரண்டு முழுச் சுற்றுள்ள நீளமான மரத் திருகு. 1837-ல் அதைக் கால்வாயில் ஒரு சிறு படகில் பொருத்தி ஓட்டிக் கொண்டிருந்தபோது, திருகு எதிலோ மோதிப் பாதி முறிந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எண்ணினார்கள். ஆனால் அது முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தது! முறிந்து போன பாதி, தள்ளுவதைவிட நீரோடு உராய்ந்து தடுப்பதையே அதிகமாய்ச் செய்து வந்திருந்தது.

பிறகு 1845-ல் பிரிட்டிஷ் கடற்படையார் ஒரு கயிறிழுக்கும் போட்டி நடத்தினார்கள். ஏறக்குறைய ஒரே பலமுள்ள எஞ்சின்களைக் கொண்ட இரண்டு கப்பல்களைப் பின்புறத்தோடு பின்புறம் சேர்த்துக் கட்டினார்கள். 'ராட்லர்' என்ற கப்பலுக்குத் திருகு. 'அலெக்டோ' என்ற கப்பலுக்குப் பக்கச் சக்கரம். சக்கரக் கப்பல் முழு மூச்சோடு நீரை அடித்துக் கொண்டிருக்கும்போதே, திருகுக் கப்பல் அதை மணிக்கு 2 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கி இழுத்துக் கொண்டு போய்விட்டது. அந்தப் போட்டியைப் பலர் அறிவர். ஆனால் அதற்கு முன்னால் 'ராட்லர்' கப்பலில் பலவித விசிறிகளை மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதனை செய்தார்கள் என்பதே நமக்கு முக்கியமான விஷயம். எஞ்சின் ஒன்றே, கப்பல் ஒன்றே, விசிறி மாறினால் பலனும் மாறுகிறது.

பெரிதாய், மெதுவாய்

இனி, எந்த விசிறி நல்லது? வீட்டில் மோர் கடைவதை நினைத்துக் கொள்ளுங்கள். சிறு மத்தைப் படபடவென்று சுழற்றினால் நுரை பொங்கும்; வெண்ணெய் திரளாது. நிதானமாய் இழுத்துக் கடைபவளுக்கே வெண்ணெய். கடலிலும் நியாயம் ஏறக்குறைய அதுவே.

இதற்குக் கணக்கும் உண்டு. விசிறியின் தள்ளும் பலம், எவ்வளவு நீரை எவ்வளவு வேகமாகப் பின்னே தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் நீரை மிக வேகமாகத் தள்ளினாலும், அதைப்போல் இரு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினாலும், படகுக்குக் கிடைக்கும் உந்துதல் ஒன்றே. ஆனால் பின்னே சுழித்துக் கொண்டு போகும் நீரோடு வீணாய்ப் போகும் சக்தி, இரண்டாவது முறையில் முதல் முறையில் பாதிதான். ஆகையால் பெரிய விட்டம், குறைந்த சுழற்சி: மெதுவாய்ப் போகும் பாரப் படகுகளுக்கு இதுவே முதல் விதி.

அப்படியானால் வண்டிச் சக்கரம் போன்ற விசிறியைப் பொருத்தலாமே என்று கேட்கலாம். படகின் பின்புறத்தில் இடம் வேண்டாமா? விசிறியின் நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவே விட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது இடைவெளி இருப்பது நலம். இல்லாவிட்டால் ஒவ்வோர் இதழும் கடக்கும்போது படகு அதிரும். ஆற்று முகத்துவாரத்து மணல் திட்டில் விசிறி தட்டாமலும் இருக்க வேண்டும். ஆகவே படகைக் கட்டும்போதே விசிறிக்கு இடம் விட்டுக் கட்டுவது புத்திசாலித்தனம்.

இதழ்கள் எத்தனை? இதழ் குறையக் குறையச் சக்தி விரயம் சற்றுக் குறையும். ஆனால் அதிர்ச்சி மிகும். பெரும்பாலான படகுகளுக்கு மூன்று இதழே போதும். விட்டத்துக்கு இடமில்லாத இடத்திலும், அதிர்ச்சியைக் குறைக்க வேண்டிய இடத்திலும் நான்கு இதழ் போடுகிறார்கள். மடிவலையை மெதுவாய் இழுத்துச் செல்லும் படகுகளில் விசிறியைச் சுற்றி ஒரு குழல் வளையம் பொருத்துவதும் உண்டு. லுட்விக் கோர்ட் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் இந்த வளையம் இழுக்கும் பலத்தை நன்றாய்க் கூட்டும். ஆனால் வேகமாய் ஓடும் படகுக்கு அதுவே தடையாய் முடியும்.

ஜாதகப் பொருத்தம்

பெரியவருடைய வழக்குக்கு வருவோம். அவருடைய பழைய எஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று ஓடியது. அதனோடிருந்த பல்சக்கரப் பெட்டி அதை மூன்றில் ஒன்றாய்க் குறைத்து, விசிறியை 600 சுற்றுச் சுழற்றியது. புதிய எஞ்சினும் 1,800 சுற்றுத்தான். ஆனால் அதனோடு வந்த பெட்டி பாதியாகத்தான் குறைக்கிறது. ஆகவே விசிறி 900 சுற்றுச் சுழன்றாக வேண்டும். விசிறியோ பழைய விசிறி.

நீரில் சுழலும் விசிறிக்கு ஒரு பிடிவாத குணம் உண்டு. அதன் சுழற்சியை இரு மடங்காக்கினால் அது கேட்கும் பலம் இரு மடங்கல்ல. ஏறக்குறைய எட்டு மடங்கு. சுழற்சியை ஒன்றரை மடங்காக்கினால் மூன்று மடங்குக்கு மேல் பலம் வேண்டும். பெரியவர் வாங்கியதோ ஒன்றரை மடங்கு பலமுள்ள எஞ்சின். பாவம், அது என்ன செய்யும்? தன்னுடைய 1,800 சுற்றை எட்ட முடியாமல் திணறி, விழுங்கிய எண்ணெயை எரிக்க முடியாமல் கரும்புகையாய்க் கக்கிற்று. எருது புதிது, பாரம் அதற்கு மிஞ்சிய பாரம்.

இப்படி எஞ்சின் திணறுகிறதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சினின் சுற்றைக் காட்டும் கருவி ஒன்றைப் பொருத்திக் கொண்டு, பனிக்கட்டி, தண்ணீர், வலை, ஆட்கள் யாவும் ஏற்றிய படகை முழு விசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றை எட்டாவிட்டால், விசிறியின் புரியோ விட்டமோ அதிகம். குறித்த சுற்றைச் சுலபமாய்த் தாண்டப் பார்த்தால், குறைவு. சரியாய் எட்டி நின்றால் பொருத்தம். பின்புறத்தில் தொங்கவிடும் எஞ்சினைக் கொண்ட சிறு படகுகளில், புரியை ஓர் அங்குலம் கூட்டினால் சுற்று ஏறக்குறைய 200 குறையும் என்பது அநுபவஸ்தர் வாக்கு. வெறும் படகில் செய்த சோதனையை நம்பக்கூடாது. பட்டினி கிடக்கும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சட்டை தைத்தாற்போல் ஆகும்!

நாம் பேசிக் கொண்டிருக்கும்போதே பட்டறைக்காரர் ஒருவர் விசிறியைக் கழற்றித் தரையில் கிடத்தினார். ஒவ்வோர் இதழிலும், நடுவிலிருந்து நுனிக்குச் செல்லும் தூரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கில் கோடு கிழித்தார். இதழின் முன் விளிம்பும் பின் விளிம்பும் அந்தக் கோட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தார். இதழ் அடைத்துக் கொண்டிருந்த கோணம் 72 பாகை. முழு வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகையால் உயர வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கினால் புரி வந்துவிடும். இரண்டு இதழ்களில் வித்தியாசம் 4 அங்குலம். புரி 20, சரி. மூன்றாவது இதழில் மூன்றே முக்கால்தான். புரி பதினெட்டே முக்கால்! எப்பொழுதோ மணலில் தட்டி வளைந்ததை யாரோ சம்மட்டியால் நிமிர்த்தியிருக்கிறார்கள். மூன்று காளை பூட்டிய வண்டியில் ஒன்று மட்டும் வேறு நடை நடந்தால் என்ன ஆகும்? அச்சு அதிரும், தாங்கிகள் தேயும், எண்ணெய் போகும்.

கொதிக்காத நீர் கொதிக்கும் விந்தை

இதழ்களின் பின்பக்கத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருந்தன. "உப்பு அரித்தது" என்றார் பெரியவர். உப்பும் அரிக்கத்தான் செய்யும். வெவ்வேறு உலோகங்கள் கடல் நீரில் சேர்ந்திருந்தால் மின்சாரத்தினால் ஒன்று கரையும். அதற்காகவே அருகில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். ஆனால் இத்தகைய குழிகளுக்கு வேறொரு காரணமும் உண்டு.

விசிறி மிஞ்சிய வேகத்தில் சுழலும்போது, இதழின் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தம் மிகவும் குறைந்து போகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் மறுகணம் அழுத்தமுள்ள இடத்தில் உடையும்போது, ஊசி முனையால் குத்தினாற்போல் உலோகத்தைத் தாக்குகின்றன. குமிழி மிகுந்தால் விசிறி நீரைப் பிடிக்காமல் வெறுமே சுழலும்.

சார்லஸ் பார்ஸன்ஸ் 1894-ல் கட்டிய 'டர்பினியா' என்ற படகு இதனால்தான் முதலில் ஏமாற்றமளித்தது. டர்பைன் யந்திரம் மகா வேகத்தில் சுழன்றும் படகு எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பார்ஸன்ஸ் சோர்ந்து விடவில்லை. கண்ணாடிச் சாளரம் வைத்த ஒரு சிறு நீர்த்தொட்டி செய்து, இரண்டு அங்குல விசிறி ஒன்றை அதில் சுழற்றி, குமிழிகளைக் கண்ணாலேயே பார்த்தார். பிறகு ஒரே தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறியும் பொருத்தினார். 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகக் கூடிய கடற்படைக் கப்பல்களின் நடுவே அந்தப் படகு 34 கடல் மைல் வேகத்தில் பாய்ந்து சென்றது. அதைத் துரத்திய காவற்படகுகளால் பிடிக்க முடியவில்லை. எஞ்சினை மாற்றியதால் மட்டுமல்ல, விசிறியை மாற்றியதாலும் கிடைத்த வெற்றி அது.

அவசரத்தின் விலை

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கனம் ஒன்றிருக்கிறது. அதற்குக் காலணாச் செலவில்லை. நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு இயற்கையே ஒரு வேலி கட்டியிருக்கிறது. நீர்மட்டத்தில் அதன் நீளம் 36 அடியானால், மணிக்கு 8 கடல் மைலே அதன் எல்லை. அதற்கு மேல் எவ்வளவு பலமுள்ள எஞ்சினைப் பொருத்தினாலும், படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற முயன்று எண்ணெயை எரிக்குமே தவிர, ஓடாது. பெரியவருடைய மகன் எதிர்பார்த்த வேகம் வராததற்கு இது இரண்டாவது காரணம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 8 மைல் வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும் படகு, 24 மைல் தூரத்திலுள்ள துறைக்குத் திரும்ப 3 மணி நேரமும் 60 லிட்டரும் ஆகும். சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வேகம் 7.2 மைல், எண்ணெயோ மணிக்கு 14.6 லிட்டராக இறங்கிவிடும். 20 நிமிஷம் பிந்தி வந்தால் 11 லிட்டர் மிச்சம்! உண்மையில் அந்த எல்லை வேகத்தை ஒட்டி ஓடும் படகுக்கு மிச்சம் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இவையெல்லாம் நம் கடற்கரைக்குப் புதிய செய்திகள் அல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தார் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்தின் தலைமையிடம் சென்னையில் இருந்தது. குல்பிரான்ட்ஸென் என்ற நார்வே தேசத்து நிபுணர், சிறு மீன்படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றி எழுதிய நூலை 1986-ம் வருஷத்திலேயே அந்தத் திட்டத்தார் வெளியிட்டார்கள். கொச்சியில் 1957-ல் ஏற்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகத்தாரும் படகுகளின் எண்ணெய்ச் சிக்கனத்தைப் பற்றி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஏட்டிலுள்ள அறிவு படகேற வேண்டும், அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் மூத்த மகன் வந்து சேர்ந்தான். பட்டறைக்காரர் அவனுக்கு இரண்டு வழிகளைக் கூறினார். ஒன்று, விசிறியின் விட்டத்தைச் சீவியும் புரியைத் தணித்தும் எஞ்சினுக்குப் பாரத்தைக் குறைப்பது. செலவு சொற்பம், புகை அடங்கும். ஆனால் அது சிறிய விசிறியை வேகமாய்ச் சுழற்றுவதாகையால் எண்ணெய் விரயம் முழுதும் தீராது. மற்றொன்று, மூன்றில் ஒன்றாய்க் குறைக்கும் பெட்டிக்கு மாறி, விசிறியை விட்டம் குறைக்காமல் செம்மைப்படுத்தி வைத்துக் கொள்வது. கைச் செலவு அதிகம், ஆனால் ஒவ்வொரு நடையிலும் எண்ணெய் மிச்சம்.

"பழைய பெட்டி என்ன ஆயிற்று, அப்பா?" என்றான் மகன்.

"விற்றுவிடத்தான் நினைத்தேன். பழைய இரும்புக்காரன் சொன்ன விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுக் கொல்லையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்" என்றார் பெரியவர்.

பட்டறைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புது எஞ்சினோடு அதைப் பொருத்த முடியுமா, அதன் பற்கள் ஒன்றரை மடங்கு பலத்தைத் தாங்குமா என்று பார்த்த பிறகே சொல்ல முடியும் என்றார். மகன் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போனான். போகும்போது, படகை விற்பதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நாம் விடைபெற்றுக் கொண்டபோது பெரியவர், விசிறியில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை உளியால் ஒவ்வொன்றாய்ச் சுரண்டிக் கொண்டிருந்தார். விசிறியை வழவழப்பாய் வைத்துக் கொள்வதும் எண்ணெய்ச் சிக்கனந்தான் என்று அன்று பகலில் அவருக்குச் சொல்லியிருந்தோம். தடைக்காலம் முடிய அப்போது இன்னும் நாற்பது நாட்கள் இருந்தன.